மருமகள் மீட்ட பெயர்கள்

எழுபதுகளில் ஒரு நாள், அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். வயதில் மூத்தவள் பருத்தி விதைப் பையைக் காலடியில் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“எம் மருமக, காணாமப்போன அம்பதாயிரம் பேரத் திருப்பிக் கொண்டாந்துட்டா.”

“அம்பதாயிரம் பேரா! எங்க போயிருந்தாக அவுக?”

“ஆளு இல்ல மதினி, பேரு. அவ மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் மிசின்ல வேலை பாக்குறால்ல? வேலைக்கு எழுதிப்போட்ட பிள்ளைக பேரெல்லாம் பழைய மிசின்ல இருந்துச்சாம். புது மிசினுக்கு மாத்துனா ஒரே கிறுக்கலா வந்துருக்கு.”

“ஏனாம்?”

“மிசினுக்குள்ள எழுத்தெல்லாம் நம்பராம். அதே இங்கிலீசு எழுத்துக்குப் பழசுல ஒரு நம்பரு, புதுசுல வேற நம்பரு. எல்லாத்தையும் மறுபடி அடிக்க மூணு மாசமாகும்னுட்டாக ஆபீசுல. அம்புட்டு நாளு அந்தப் பிள்ளைக காத்துக் கெடக்கணுமான்னு இவ விடல. இந்த நம்பரு வந்தா அந்த நம்பரா மாத்துன்னு, மிசினுக்குப் புரியுற பாசையிலயே எழுதிப் போட்டுட்டா. அத்தன பேரும் சரியா வந்துருச்சு.”

“கெட்டிக்காரிதான்.”

“மொதல்ல யார் பேரப் போட்டுச் சோதிச்சா தெரியுமா?”

“அவ அப்பா பேரா?”

“எம் பேரு.”

சுருக்குப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். மற்றவள் குனிந்து பார்த்தாள்.

“எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதே, மதினி.”

“எனக்கு மட்டும் தெரியுமா? ஆனா அது நாந்தான்.”