அருகில் இருந்த வாசல்

அம்மாவுக்குக் கணினி விளையாட்டில் நடக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான், தூரெ. இடது கை விரல்களை எங்கே வைப்பது, மவுஸை மேசையிலிருந்து தூக்காமல் எப்படித் திரும்புவது, தண்ணீரில் விழுந்தால் எந்த விசையை விடாமல் அழுத்துவது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். முதல் வாரம் முழுவதும் அவள் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். பள்ளிச் சமையற்கூடத்தில் நாளெல்லாம் உருளைக்கிழங்கு வேகவைத்துவிட்டு வருகிறவளுக்கு அது சுலபமல்ல. நான் பொறுமையாகத்தான் இருந்தேன்.

நீ தொலைபேசியில் கேட்டது ஒரே கேள்வி. "மாய்கென், அந்தக் குகைக்குள்ள ஒரு வாசல் இருக்கே, அது யார் கட்டுனது?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் கேட்டால் என்னைத் தவறாக நினைப்பாய். அதனால்தான் உன்னை நேரில் வரச் சொன்னேன். இன்று வெள்ளிக்கிழமை. அம்மா இரவு டாக்கோ செய்ய இறைச்சி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறாள். காப்பி ஊற்றிக்கொள்.

என் தம்பி சிக்ஸ்டன் போன மார்ச்சில் வளைகுடாவின் பனிக்கட்டி மேல் ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்டிப் போனான். பனி வழக்கத்தைவிட முன்னாலேயே மெலிந்திருந்தது. இதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிக்ஸ்டனின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் நீயும் ஒருவன். அவன் அறையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியதெல்லாம் உன் சர்வரில் இருந்தது, பள்ளி நாட்களிலிருந்து நீங்கள் இருவரும் கட்டிய விளையாட்டு உலகம். அதன் ஒரு கோடியில், கடலோரமாக, அவன் தனக்கென்று கட்டிய வீடு.

வேனிற்காலத்தில் அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்றாள். நான்தான் அவன் கணினியைத் திறந்துகொடுத்தேன். அவன் பெயரிலேயே உள்ளே நுழைந்தாள். திரையில் திடீரென்று சிக்ஸ்டன் வந்து நிற்பதைப் பார்த்து நீ பயந்துபோனாய். பிறகு அவள் நேராகக் குளத்துக்குள் நடந்துபோனதும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மரீத்தா, நிலம் இந்தப் பக்கம் இருக்கு" என்று நீ கணினி ஒலிபெருக்கி வழியாக அம்மாவிடம் சொன்னாய். "நீ சும்மா இருடா. என் மகனே என்னைய இப்படிக் கிண்டல் பண்ணது இல்ல" என்றாள். அப்புறம், "பண்ணியிருக்கான். நெறைய பண்ணியிருக்கான்" என்றாள். சவ அடக்கத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அந்தச் சிரிப்பும் உன்னோடு.

அந்த வீட்டுக்குத் தரை வழியாகப் போனால் வழி தவறிவிடும் என்று நீதான் வாசல் வழியைக் காட்டினாய். ஊருக்கு நடுவே கருங்கற்களால் ஆன சட்டம், அதற்குள் ஊதா நிறத்தில் மினுக்கும் திரை. அதற்குள் நின்றால் கீழுலகம். எங்கும் நெருப்பு. ஆனால் அங்கே ஓர் அடி வைத்தால் மேலே எட்டு அடிக்குச் சமம். சிக்ஸ்டன் வெட்டிய சுரங்கப்பாதையில் கொஞ்ச நேரம் நடந்து, மறுமுனையில் உள்ள வாசலுக்குள் நுழைந்தால் அவன் வீட்டுத் தோட்டத்தில் வெளியே வரலாம். அம்மா கீழுலகத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுவாள். உண்மையாகவே மூச்சைப் பிடித்துக்கொள்வாள். அறைக்கு வெளியே எனக்கு அது கேட்கும்.

வீட்டு முகப்பில் அவன் ஒரு பலகை எழுதி வைத்திருந்தான். "செருப்பைக் கழற்று." நீங்கள் எல்லோரும் சேற்றோடு உள்ளே வருவதுபோல ஒரு கேலி. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது எனக்குத்தான் எழுதியிருக்கான்" என்றாள். அவள் ஒரு நாள் அங்கே வருவாள் என்று அவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான். உள்ளே கோர்வ் என்று அவன் பெயர் வைத்த நாய் உட்கார்ந்திருந்தது. கோர்வ் என்றால் சாசேஜ்; அதைக் கண்டால் அப்படி வாலாட்டும் என்பதால் அந்தப் பெயராம். அம்மா தினமும் அதற்கு இறைச்சி கொடுத்தாள். அவன் படுக்கையில் படுத்து அங்கே விடியும்வரை காத்திருந்தாள்.

செப்டம்பரில் நகராட்சியின் தண்ணீர் ஆய்வகத்தில் என் வேலை நிரந்தரமானது. அன்று மார்சிபான் என்ற பச்சைப் பாதாம் பசை போர்த்திய இளவரசிக் கேக் வாங்கி வந்தேன். அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"அம்மா, கேக் வாங்கியிருக்கேன்."

"அப்படியே வைடி. கோர்வுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வந்துடறேன்."

நான் காத்திருந்தேன். பிறகு தட்டை உள்ளே எடுத்துப்போனேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டாள். எதற்குக் கேக் என்று கேட்கவில்லை. மார்சிபானை உரித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். சிக்ஸ்டனுக்கு அது பிடிக்கும். அவன் எடுத்துக்கொள்வதற்காக எப்போதும் அப்படி ஒதுக்குவாள்.

இதை நீ பொறாமை என்று சொல்லக்கூடும். செத்தவன்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது? அவன் இருந்தபோது அம்மாவை நாங்கள் பங்கு போட்டுக்கொண்டோம். அவனுக்குப் பெரிய பங்கு. அது எனக்குப் பழகியிருந்தது. அவன் போன பிறகு என் சின்னப் பங்கும் போய்விட்டது. நான் கேட்டதெல்லாம் அதைத்தான்.

இனி வாசல் விஷயம். இரண்டு வாசல்களும் ஒன்றோடொன்று கட்டிப்போட்டவை என்று அம்மா நினைத்தாள். நீயும் அப்படி நினைத்திருப்பாய். அந்த விளையாட்டு எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நீ உள்ளே நுழையும் ஒவ்வொரு முறையும் எட்டால் பெருக்கி ஓர் இடத்தைக் கணக்கிடுகிறது. அந்த இடத்துக்கு மிக அருகில் எந்த வாசல் இருக்கிறதோ, அதன் வழியே உன்னை வெளியே விடுகிறது. சிக்ஸ்டன் கணக்குப் போடாமல் அழகு பார்த்து வாசலை வைத்தவன். ரோஜாப் புதருக்குப் பக்கத்தில், கடல் தெரியும்படி. சரியான இடம் அதற்குக் கொஞ்சம் தள்ளி, மலைக்கு அடியில் இருந்தது. வேறு யாரும் வாசல் கட்டாததால் அவனுடையதே வேலை செய்துகொண்டிருந்தது.

அந்தக் கணக்கை ஆய்வகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் போட்டேன். சிரமமான கணக்கு அல்ல. அம்மா வேலையில் இருந்தபோது அவன் கணினியில் அவன் பெயரிலேயே நுழைந்து, மலைக்கு அடியில், இருட்டுக் குகைக்குள், சரியான இடத்தில் ஒரு வாசல் கட்டினேன். அவன் வைத்த கல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அருகில் இன்னொரு வாசல் வைத்தேன், அவ்வளவுதான்.

அது நவம்பர் தொடக்கம். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் கல்லறைகளில் விளக்கு வைக்கும் நாள். அம்மா நிஜக் கல்லறையில் ஒன்று வைத்துவிட்டு வந்து, விளையாட்டிலும் ஊர் வாசலை ஒட்டி ஒரு விளக்கு வைத்திருந்தாள். மறுநாள் உள்ளே நுழைந்தவள் குகையில் வெளியே வந்தாள். என்னைக் கூப்பிட்டாள். தூரெ, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக அந்த அறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"மாய், இங்க வாயேன். வீடு இல்லடி. ஒரே இருட்டா இருக்கு. நான் என்ன பண்ணுனேன்?"

நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சட்டத்த ஒட்டி ஏதாச்சும் வச்சியாம்மா?"

"விளக்கு வச்சேன். ஒரே ஒரு விளக்கு."

"அதான். வழி மாறிடுச்சு."

அவள் திரும்பிப் போய் விளக்கை எடுத்துவிட்டாள். "மன்னிச்சுக்கோடா" என்று திரையிடம் சொன்னாள். எடுத்தும் வழி திரும்பவில்லை. அதன் பிறகு அவள் நிஜக் கல்லறையிலும் விளக்கு வைப்பதில்லை. நான் அதைச் சொல்லவே இல்லை. அவளாக முடிவு செய்துகொண்டாள்.

என் மடிக்கணினியை அவன் அறைக்குக் கொண்டுவந்தேன். விளையாட்டில் என் பெயரில் ஒருத்தி உருவானாள். இருவரும் குகையைத் தோண்டி வெளியே வந்தோம். நான் வடக்குப் பக்கமாகத் தோண்டினேன். கடல் தெற்கில் இருந்தது. டிசம்பர் முழுவதும் பனிக்காட்டில் தேடினோம். வேலை முடிந்து வந்ததும் அம்மா, "சீக்கிரம் சாப்புடு, கெளம்பலாம்" என்பாள். அவளே எனக்குத் தட்டு வைத்துக் கொடுப்பாள். கீழுலகத்தில் போகும்போது அவளுக்குப் பயம் வந்தால் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். நாங்கள் பேசினோம். என் ஆய்வகத்தைப் பற்றிக் கேட்டாள். குளோரின் எப்படி அளப்பது என்று நான் சொன்னதை முழுவதும் கேட்டாள். கேள்விகூடக் கேட்டாள். லூசியா பண்டிகைக் காலையில் எனக்காகக் குங்குமப்பூ ரொட்டி சுட்டாள். அந்தக் குளிர்காலம் எங்களுக்கு நல்லதாகத்தான் இருந்தது. அவளையே கேட்டுப் பார். இல்லை, கேட்காதே.

ஜனவரியில் ஒரு நாள் நான் குளியலறைக்குப் போயிருந்தபோது அவள் தனியாக மலை மேல் ஏறிவிட்டாள். நான் திரும்பி வந்தபோது திரையில் கடல் தெரிந்தது. தொலைவில் ஒரு மஞ்சள் வெளிச்சம்.

"அது நம்ம வீடு தானே?"

"இல்லம்மா. அது வேற கிராமம். நாம முன்னாடியே பாத்துருக்கோம்."

"அப்படியா? எனக்கு ஞாபகமே இல்ல." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எனக்கு வர வர எதுவும் ஞாபகம் இருக்கறதில்ல மாய். நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்."

மறுநாள் அவள் வேலையில் இருந்தபோது நான் அங்கே போனேன். அதுவரை அவன் கல்லைத் தொட்டதில்லை என்று சொன்னேன். அது உண்மை. அன்று அது முடியாமல் போனது. மலை மேலிருந்து பார்த்தால் தெரியும் வீட்டை வேறு என்ன செய்வது? கீழுலகத்திலிருந்து எரிகுழம்பு கொண்டுவந்து கூரையில் ஊற்றினேன். மர வீடு. நீங்கள் எல்லாம் சேர்ந்து நட்ட பிர்ச் மரங்களுக்கும் தீ பரவியது. நாயை நான் கொல்லவில்லை. உட்கார் என்று சொன்னால் அது உட்காரும். எழுந்திரு என்று அதன் சொந்தக்காரன்தான் சொல்ல வேண்டும். சிக்ஸ்டன் பெயரில் நுழைந்து நான் சொல்லியிருக்கலாம். அதற்குள் அம்மா அந்தக் கணினியின் கடவுச்சொல்லை மாற்றியிருந்தாள். அது உட்கார்ந்தே இருந்தது.

சாம்பலை வாரிவிட்டுப் புல் விதை தூவினேன். கவனமாகத்தான் செய்தேன். ஆனால் சர்வரை நடத்துகிற உன்னால் மேலிருந்து பறந்து பார்க்க முடியும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

உன்னிடம் அந்த உலகத்தின் இலையுதிர்காலத்துப் பிரதி இருக்கிறது என்கிறாய். ஒரு மாலையில் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவர முடியும் என்கிறாய். வீடு, பலகை, நாய் எல்லாம். செய். தடுக்க என்னால் முடியாது. ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் யோசி. நீ அதைத் திருப்பிக் கொடுத்தால் அவள் அந்தக் கதவை மறுபடி சாத்திக்கொள்வாள். வசந்தம் வரும், பனி உருகும், அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பாள். நான் அவளை அங்கிருந்து வெளியே கொண்டுவந்தேன். யாரும் செய்யாததை நான் செய்தேன்.

நேற்றுக்கூட ஆற்றைக் கடந்து ஒரு மேட்டில் ஏறினோம். பனி பொழிந்துகொண்டிருந்தது, விளையாட்டிலும், ஜன்னலுக்கு வெளியிலும். அம்மா முன்னால் போனாள். என்னைக் காணாமல் நின்று, தோளைத் திருப்பி, சந்தோஷமாகக் கூப்பிட்டாள்.

"சிக்ஸ்டன், வாடா, எங்க நின்னுட்ட?"

நான் வந்துவிட்டேன் என்றேன். அவள் கவனிக்கவில்லை. நானும் திருத்தவில்லை. திருத்த என்ன இருக்கிறது, தூரெ? பெயர் மட்டும்தான் மாறிப்போயிற்று. கூப்பிட்டது என்னைத்தான்.