அகலப் படத்தின் ஓரத்தில்

சுவக்கீன்: ரிமோட்ட இங்க குடுட்டி. மேலயும் கீழயும் கறுப்பா பட்டை கிடக்கு. பாதி டிவி சும்மால்ல இருக்கு! படத்தப் பெருசாக்குதேன்.

இருதயம்மாள்: ஐயோ, தொடாதீங்க! பெருசாக்குனா ரெண்டு ஓரமும் வெட்டிப்போகும்.

சுவக்கீன்: போனாப் போகுது. ஆடுதவ நடுவுலதான ஆடுதா?

இருதயம்மாள்: இது ஸ்கோப் படம்ங்க. அந்தக் காலத்துலயே கலரு, இம்புட்டு அகலம். கூட்டியாந்த டான்ஸ்காரிக பத்தாம, நம்ம சூரியநெல்லியில தேயிலைக் கொழுந்து கிள்ளுன பொம்பளைகளுக்குச் செகப்பு ரவிக்க குடுத்து ஓரத்துல நிறுத்துனாங்க.

சுவக்கீன்: நீயும் நின்னியோ?

இருதயம்மாள்: எனக்கு அப்ப அஞ்சு வயசு.

சுவக்கீன்: பொறவு யாரத் தேடுத? மூக்கு டிவில முட்டப்போகுது.

இருதயம்மாள்: அது... பக்கத்து லயத்து வீட்டுக் குருவம்மாக்காவ.

சுவக்கீன்: அப்பமே தியேட்டர்ல பாத்திருக்கலாம்ல?

இருதயம்மாள்: அப்பா விடல. அந்தப் படத்துப் பேரையே வீட்டுல எடுக்கக்கூடாது. பொறவு டிவில எத்தனையோ தடவ போட்டான்... எல்லாம் ஓரத்த வெட்டித்தான். நம்ம மக ரிஞ்சுதான் முழு அகலத்துல நெட்டுல கெடக்குன்னு தேடிக் குடுத்தா.

சுவக்கீன்: ஒரு படத்து மேல ஒங்கப்பாவுக்கு அம்புட்டுக் கோவமா?

இருதயம்மாள்: செத்த சும்மா இருங்க... பாட்டு வந்துட்டு.

சுவக்கீன்: யம்மாடி, பச்சையப் பாரேன்! நம்ம மலை நெசத்துல கூட இம்புட்டுப் பச்சையில்ல.

இருதயம்மாள்: பேசாதீங்கன்னா...

சுவக்கீன்: அந்தா, வலது பக்கம், கடைசில ஒருத்தி...

இருதயம்மாள்: எங்க?

சுவக்கீன்: கூடையச் சாச்சுப் பிடிச்சிருக்கா பாரு. கேமராவப் பாக்காதன்னு சொல்லியிருப்பாங்க. இவ மட்டும் பாத்துச் சிரிக்கா.

இருதயம்மாள்: நிறுத்துங்க... அப்படியே நிறுத்துங்க.

சுவக்கீன்: நிறுத்திட்டேன். ஏட்டி, எதுக்கு டிவியப் போய்த் தடவுத? இவளா குருவம்மா?

இருதயம்மாள்: இல்லங்க... எங்கம்மா.

சுவக்கீன்: ஒங்கம்மாவா?

இருதயம்மாள்: காய்ச்சல்ல செத்துட்டான்னு ஒங்ககிட்ட சொன்னது பொய். ஷூட்டிங் முடிஞ்சு மலையெறங்குன வண்டியில, அந்த ரவிக்கையோடயே ஏறிப் போயிட்டா. இருந்த ஒரு போட்டோவையும் அப்பா அடுப்புல போட்டுட்டாரு. எனக்கு மூஞ்சியே மறந்துபோச்சுங்க, இந்தச் சிரிப்பு மட்டுந்தான் மனசுல நின்னுச்சு. அவ மேல கோவம் கோவமா வரும்... ஆனாலும் ஒரே ஒரு தடவ பாத்துட மாட்டமான்னு இருக்கும்.

சுவக்கீன்: தெரியும், இருதயம். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே ஒங்க சித்தப்பா சொல்லிட்டாரு. நீயா சொல்லுவன்னு இருந்தேன்... அழுவாத. கொஞ்சம் தள்ளி ஒக்காரு, நானும் எங்க மாமியார மொத தடவையா பாத்துக்கிடுதேன்.