பஞ்சநதம் சாரின் காலை வணக்கம்

வாட்ஸ்அப்பில் தினமும் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்கிறவர்களைப் பலரும் கிண்டல் செய்கிறார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் செய்யமாட்டேன். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அது பூ இல்லை. அப்பா உயிரோடிருக்கிறார் என்கிற சேதி.

எங்கள் கம்ப்யூட்டர் தொழிலிலும் அப்படித்தான். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பஞ்சநதம் சாருக்குக் கீழே வேலை பார்த்தேன். இரண்டு சர்வர், இரண்டுக்கும் பொதுவாக ஒரு டிஸ்க். 'இருக்கேன், இருக்கேன்' என்று கேபிள் வழியே ஒன்றுக்கொன்று துடிப்பு அனுப்பிக்கொண்டிருக்கும். ஒன்று செத்தால் மற்றது அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். கேபிளே போய்விட்டால்? பொது டிஸ்க்கிலும் இரண்டும் அவ்வப்போது ஓர் அடையாளம் வைக்கும். அதைப் பார்த்து, மற்றது உயிரோடுதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வேகம் குறைகிறதென்று அந்தச் சோதனையை சார் நிறுத்திவைத்தார். ஒருநாள் கேபிள் தளர்ந்தது. மற்றது செத்துவிட்டதென்று இரண்டுமே நம்பி, ஒரே டிஸ்க்கில் ஒன்றின் மேல் ஒன்று எழுதித் தள்ளின. நோயாளிகள் விவரம் முழுக்கப் பாழ்.

"இந்தப் பயதான் கேபிளைப் பிடுங்கிட்டான்" என்றார் சார், விசாரணையில். எனக்கு வேலை போனது. நிச்சயம் செய்திருந்த ஷோபனா போனாள். அதே வரிசையில் தலைமுடியும் போனது.

பட்டுக்கோட்டையில் கேமரா மாட்டும் கடை வைத்தேன். போன வருஷம் பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டிலிருந்து அழைப்பு. போனால், சார். மனைவி இல்லை. ஒரே மகள் பிரகதீஸ்வரி சிங்கப்பூரில். தேங்காய் வெட்டுக்குத்தான் ஆள் வரும்.

"அட, ராஜ்குமாரா! இன்னும் கேபிள்தான் பிடுங்குறியாடா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் நல்ல ரசிகன்.

"ஒரு நாள் பூ போடலேன்னா என் பொண்ணு ஊரையே கூட்டிடுறா. தானா போற மாதிரி பண்ணிக் கொடேன்."

"பண்ணிடலாம் சார்."

பண்ணினேன். படத்தையும் பதிலையும் என் கடையிலிருந்தே மாற்றலாம், வீட்டில் மாட்டிய கேமராவையும் அங்கிருந்தே பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

போன மாதம் கேமராவில் அவர் நடமாட்டமே இல்லை. மனசு கேட்காமல் நேரில் போனேன். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பை அசைக்க முடியாமல் கிடந்தார். என்னைக் கண்டதும் அழுதார்.

"வந்துட்டியா... பாப்பாவுக்குச் சேதி சொல்லுப்பா."

"சொல்றேன் சார்" என்றேன். ஆடு நுழைந்து தென்னங்கன்றைக் கடித்துவிடுமே என்று கேட்டைப் பூட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் ரோஜா போட்டேன். அடுத்து செம்பருத்தி. பேசவேண்டும் என்று மகள் கேட்டபோது, 'தொண்டை கட்டியிருக்கும்மா, அப்புறம் பேசலாம்' என்று அவர் பெயரில் எழுதினேன். என்னைச் செத்தவனாக்க அவருக்கு ஒரு கேபிள் போதுமாயிருந்தது. அவரை உயிரோடு வைத்திருக்க எனக்கு ஒரு பூ போதும்.

கேமராவின் மைக்கில் அவர் கூப்பிடுவது கடையில் கேட்கும். என் பெயரைத்தான். வாடிக்கையாளர் வந்தால் சத்தத்தைக் குறைத்துக்கொள்வேன்.

அது நின்றுபோன அன்று தாமரை போட்டேன். 'இன்னைக்குப் பூ ரொம்ப அழகுப்பா' என்றாள் மகள்.

நான் அவரைத் தொடக்கூட இல்லை, ஐயா. கடைசிவரை அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.