ஆம்பளை மெட்டி

திருச்சிப் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இருந்த கண்ணாடிக்காரர், பக்கத்தில் இருந்தவரின் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். தஞ்சாவூர் தாண்டியதும் கேட்டே விட்டார்.

“மெட்டியாண்ணே அது?”

“ஆமாங்க, என் சம்சாரத்தோடது. மஸ்கட்ல நர்ஸு. ஆபரேஷன் தியேட்டர்ல நகை எதுவும் போடக்கூடாதாம். கழட்டும்போது அழுதுட்டா. நீ வர்ற வரைக்கும் நான் போட்டுக்கறேன்னு வாங்கிப் போட்டுக்கிட்டேன்.”

“யாரும் சிரிக்கலையா?”

“எங்க ஊரு கீழ்வேளூரே சிரிச்சுது.”

“அந்தக் காலத்துல ஆம்பளைங்கதான் மெட்டி போட்டாங்கன்னு சொல்வாங்க. குனிஞ்ச தலையா வர்ற பொண்ணுங்க, காலைப் பார்த்தே கல்யாணமானவன்னு தெரிஞ்சுக்குவாங்களாம்.”

“அப்படியா! வேலையை விட்டுட்டு இன்னைக்கு வர்றா அவ. கூப்பிடத்தான் ஏர்போர்ட்டுக்குப் போறேன்.”

“அப்ப கழட்டிக் குடுத்துடணுமே?” கண்ணாடிக்காரர் குரலில் வருத்தம் தெரிந்தது.

“வேணாங்கறா. தனக்குப் புதுசு வாங்கிட்டாளாம். இது உங்க கால்லயே இருக்கட்டும்னுட்டா.”