முப்பது கைகளும் ஒரு கல்பனாவும்

இந்த அரசியலமைப்பு நாள் விழாவுக்குத் தலைமையேற்றுத் தகைமை சேர்க்கும் ஊராட்சித் தலைவர் கெங்கம்மாள் அவர்களே, மலையையும் மானத்தையும் காத்துவரும் பெரியோர்களே, சாமை அறுத்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என் மாணவச் செல்வங்களே! சமூக அறிவியல் ஆசிரியை ரேணுகாதேவியின் அன்பு வணக்கம்.

நூறு முறைக்கு மேல் திருத்தப்பட்ட ஒரு மாபெரும் நூலை எட்டாம் வகுப்புக்கு எப்படிச் சொல்லித் தருவது? யோசித்தேன். வகுப்புக்கென்றே ஒரு சட்டப் புத்தகம் எழுதவைத்தேன். 'இங்கே எல்லோருக்கும் படிக்க உரிமை உண்டு' என்பது முதல் பக்கம். மூன்றில் இரண்டு பங்கினர் கைதூக்கினால் சட்டத்தைத் திருத்தலாம் என்பது கடைசிப் பக்கம்.

மறுவாரமே வகுப்புத் தலைவன் கோகுல்ராஜ் ஒரு திருத்தம் கொண்டுவந்தான். மணி அடித்தபின் வருபவர் அன்று முழுதும் வெளியே உட்கார வேண்டுமாம். முப்பத்தாறு பேரில் முப்பது கைகள் உயர்ந்தன. ஆகா, மக்களாட்சி மலர்ந்தது, மலையெல்லாம் மணந்தது என்று பூரித்துக் கையெழுத்துப் போட்டேன். புத்தி எங்கே போயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாள் வெளியே நின்றவள் கல்பனா. புதூர்நாட்டுப் பக்கமிருந்து ஜீப்பில் வருகிறவள். பின்னால் சிரிக்கும் டிரைவர் சின்னராசு அண்ணே, ஆள் நிறையாமல் உங்கள் ஜீப் கிளம்பாது என்பது ஊருக்கே தெரியும். அவள் என்ன செய்வாள்? ஐந்து நாள் ஜன்னல் வழியே பார்த்துப் பாடம் எழுதினாள். ஆறாம் நாள் வரவில்லை. ஒரு பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிட்டேனோ என்று பயந்து, சின்னராசு அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன்.

வந்தாள். மறுபடி ஓட்டெடுப்பு நடத்தி உன்னை உள்ளே அழைத்துக்கொள்கிறோம் என்றேன். வாசலிலேயே நின்று சொன்னாள்:

"வோட்டு வேணாங்க டீச்சர். இன்னிக்கி கை தூக்கி உள்ள வுட்டா, நாளிக்கி கை தூக்கி வெளிய அனுப்புவாங்க. மொத பக்கத்துல இன்னா எழுதனோம்?"

திருத்தம் உரிமையை வளர்க்கலாம். ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியதே எண்பத்தாறாவது திருத்தம்தான். ஆனால் பலர் சேர்ந்துவிட்டார்கள் என்பதற்காக ஒருத்தியை வாசலில் நிறுத்தலாமா? முப்பது கைகள் உயரலாம், முந்நூறு கைகள் உயரலாம், முதல் பக்கத்தைக் கிழிக்கலாமா? கூட்டத்திலிருந்து 'கூடாதுங்க' என்று குரல் கொடுத்த அந்தத் தாய்க்கு நன்றி. அரசியலமைப்பின் அடிப்படையைத் திருத்தத்தாலும் தகர்க்க முடியாது என்று தேர்வுக்காகப் படித்தவள் நான். அதைப் புரிந்துகொண்டது அன்றுதான். எந்த ஓட்டும் எடுக்காமல், அந்தத் திருத்தத்தின் கீழிருந்த என் கையெழுத்தை நானே கோடு போட்டு அடித்தேன்.

இன்றும் கல்பனா தாமதமாகத்தான் வந்தாள். இதோ, முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இடம் பிடித்து வைத்தவன் கோகுல்ராஜ். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம்.