நிற்காத இன்வெர்ட்டர்

காபி வேண்டாம் ஐயா, டீயே போதும். காபி குடித்தால் எனக்கு நெஞ்சு கரிக்கும்.

எறையூர்ப் பக்கம் கரும்புக் கொல்லைகளை ஒட்டிய சோலார் பிளாண்ட்டில் இன்வெர்ட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெயிலில் வரும் கரண்ட்டை ஊர் லைனுக்குப் பொருந்தும்படி மாற்றி அனுப்பும் பெட்டிகள் அவை. லைன் செத்தால் இரண்டு நொடிக்குள் அவையும் நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறுகிறவன் உயிர் அதில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடம் நடத்துவதே நான்தான்.

எங்கள் லைன் லட்சணம் உங்களுக்குத் தெரியாது. பத்து மோட்டாரை ஒன்றாகப் போட்டால் வோல்டேஜ் தள்ளாடும். லைன் செத்துவிட்டதென்று நினைத்து இன்வெர்ட்டர் நின்றுவிடும். மறுபடி எழ ஐந்து நிமிடம். உடனே சென்னை ஆபீஸிலிருந்து போன். "என்னய்யா அடைக்கலசாமி, அங்க தூங்குறியா?" என்பான், நேற்று வேலைக்குச் சேர்ந்தவன். பதினெட்டு வருட சர்வீஸ் எனக்கு. வயிறு எரியும். பொங்கல் கழிந்து ஒருநாள் லைன் செத்தால் பெட்டியை நிறுத்தும் காவல் செட்டிங்கைத் தளர்த்திவிட்டேன்.

அப்புறம் எண்பத்து மூன்று நாள் ஒருமுறைகூட நிற்கவில்லை. சென்னைக்காரன் வாயைத் திறக்கவில்லை.

லைன்மேன் அறிவழகன் குரும்பலூர்க்காரர், நல்ல மனிதர். வேலை தொடங்குமுன் லைனில் எர்த் ராடு மாட்ட வேண்டும் என்பது விதி. கரண்ட் மிச்சமிருந்தால் மண்ணுக்குப் போய்விடும். அதைச் சுமந்துகொண்டு வரப்பில் நடக்க அவருக்கு அலுப்பு. எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு ஏறிவிடுவார். "உங்க வாய்ச்சொல்லுதான் சார் எனக்கு எர்த்து" என்பார். மூன்று வருடப் பழக்கம்.

எண்பத்து நாலாம் நாள், காலை பதினொரு மணிக்குக் கூப்பிட்டார். "சப்ஸ்டேஷன்ல லைன கட் பண்ணிட்டாங்க சார். கம்பத்துக்கிட்ட நிக்கிறேன். சோலார் நின்னுடுச்சுல்ல?"

திரையைப் பார்த்தேன். நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மோட்டார்கள் இழுத்த கரண்ட்டும் எங்கள் வெயில் கொடுத்த கரண்ட்டும் சரிக்குச் சரியாக இருந்ததால், வெட்டிவிட்ட லைனை எங்கள் பெட்டிகளே தனியாகத் தாங்கிக்கொண்டிருந்தன. வோல்டேஜ் ஆடவே இல்லை. பார்க்க அழகாக இருந்தது ஐயா, பொய் சொல்ல மாட்டேன். நிறுத்தும் பொத்தான் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அமுக்கினால் எண்பத்து மூன்று நாளும் போச்சு. அந்தச் சென்னைக்காரனுக்கு மறுபடி பதில் சொல்ல வேண்டும்.

"நின்னுடுச்சு, ஏறுங்க" என்றேன்.

கால் மணி நேரத்தில் ஊர்க்காரர்கள் போன் செய்தார்கள். அவரைக் கம்பியிலிருந்து இறக்க வேண்டுமே என்று அப்போதுதான் பொத்தானை அமுக்கினேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி சசிகலா, "கடைசியா உங்ககிட்டதானே சார் பேசினாரு, என்ன சொன்னீங்க?" என்று கேட்டு அழுதாள். "பாத்து ஏறுங்கன்னு சொன்னேம்மா" என்றேன். அவள் கும்பிட்டாள்.

செட்டிங்கை மாற்றியது நான். கரண்ட் இருப்பது தெரிந்தே ஏறச் சொன்னதும் நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்று. பெட்டி நின்றதற்கு விளக்கம் எழுதி அனுப்பினேன். கையால் நிறுத்தியதைப் பெட்டி நின்ற கணக்கில் சேர்ப்பதில்லை என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. இதை முன்னமே ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் அறிவழகன் இன்று உயிரோடு இருப்பார். அவரைக் கொன்றது யார் என்று நீங்களே சொல்லுங்கள் ஐயா.