பொன்தகட்டுப் படலத்தின் ஓட்டையை ஊரறியச் சொன்னவர்

பெருமதிப்பிற்குரிய முனைவர் ஃபுங் தி குவே அவர்களே! ஹனோய் மின்வேதியியல் ஆய்வகத்தின் ஒளிவிளக்கே! கண்ணுக்கெட்டா மூலக்கூறுகளைக் கருத்தோடு காத்திருந்து கண்டறிந்த கருமவீரரே! இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் அன்பு அக்கா! வணக்கம்!

பொன்தகட்டைக் கரைசலில் இட்டால் கரிம மூலக்கூறுகள் தாமாகவே வந்து அதைப் பற்றிக்கொள்ளும். பற்றுவதற்குச் சில நிமிடம் போதும். நெருங்கி நிமிர்ந்து நேர்வரிசையில் நிற்க ஓர் இரவு பிடிக்கும். அந்த வரிசைக்காகவே வாழ்நாளெல்லாம் தவமிருந்தீர்கள். தாங்கள் உருவாக்கிய அந்த மூலக்கூறுப் படலம் போர்த்திய மின்வாய், கிணற்றுநீரில் கலந்த ஆர்செனிக் நஞ்சைக் காட்டிக்கொடுத்தது.

டெட் புத்தாண்டுக்குள் அந்த மின்வாய் பொருத்திய கருவியை ஒப்படைத்தே தீரவேண்டும் என்று அன்றைய இயக்குநர் அவசரப்படுத்தினார். தாங்கள் ஹுவே நகரக் கருத்தரங்குக்குச் சென்றிருந்த வாரத்தில், அவர் ஆணைப்படி மின்வாய்கள் ஒரு மணி நேரத்திலேயே கரைசலிலிருந்து எடுக்கப்பட்டன. செவ்வாற்றங்கரையில் சோயாக் கட்டியான டோஃபு செய்யும் ஒரு கிராமத்தின் குழாய்க்கிணறுகள் அவற்றால் சோதிக்கப்பட்டு, நல்ல நீர் என்று சான்று பெற்றன. திரும்பி வந்த தாங்கள் அந்த மின்வாய்களை அணுவிசை நுண்ணோக்கியில் பார்த்தீர்கள். படலமெங்கும் ஓட்டை! அதன் வழியே நீரின் அழுக்கு பொன்னில் ஒட்டி, நஞ்சை மறைத்திருந்தது.

"ஒப்படைப்பு விழா முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் இயக்குநர்.

"அதுவரைக்கும் அவங்க குடிச்சுக்கிட்டே இருக்கட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினீர்கள். நம் ஆய்வகத்துத் தோவான் துணைக்குப் பின்னால் ஏறிக்கொண்டார். நடந்ததை அவர் சொல்லியே நாங்கள் அறிந்தோம்.

கிராமத்தில் அந்த ஒப்படைப்பு விழாப் பந்தலில் கூடியிருந்த ஊரார்முன், "எங்க கருவி தப்பாக் காட்டிடுச்சு. இந்தத் தண்ணியைத் தொடாதீங்க" என்றீர்கள்.

டோஃபு விற்கும் லுவா வரிந்துகட்டிக்கொண்டு வந்தார். "போன வாரம் நல்ல தண்ணின்னு எழுதிக் கொடுத்ததும் உங்க ஆளுங்கதானே! பண்டிகை நேரத்துல எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட வந்தியா?"

"திட்டுங்கக்கா, ஆத்திரம் தீர்ற மட்டும் திட்டுங்க. ஆனா அடுப்புல இருக்கே, அந்தப் பானையை முதல்ல இறக்கிக் கொட்டிடுங்க."

லுவா முறைத்தபடியே அடுப்பருகே போனார். பிறகு பானையைக் கவிழ்த்தார்.

இரவெல்லாம் ஊறி நின்ற புதிய படலங்களால் மறுபடி சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்ட கிணறுகளில் நஞ்சு! மணல் வடிகட்டித் தொட்டிகள் வரும்வரை லாரித் தண்ணீருக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்தவரும் தாங்களே. அதற்குக் கிடைத்த பரிசு, ஆய்வகத் தலைவர் பதவி பறிக்கப்பட்டதுதான். மறுநாளே மேசையைச் சன்னலோரம் நகர்த்திக்கொண்டு, அடுத்த படலத்துக்காகப் பொன்தகட்டைச் சுடரில் காய்ச்ச அமர்ந்துவிட்டீர்கள். பதவி திரும்பவில்லை, தாங்களும் கேட்கவில்லை.

கோபத்தில் தங்கள் சொல் உடைந்த கண்ணாடிக் குடுவையினும் கூரியது. அதில் கீறுபடாதவர் எங்களில் எவருமில்லை. ஆயினும் எங்கள் வீட்டு நோய்க்கும் நொடிக்கும் முதலில் வந்து நின்றவர் தாங்களே!

ஆய்வு மும்முரத்தில் நாளும் ஆறிப்போன தங்கள் கிண்ணத்து ஃபோ நூடுல்ஸ் சூப் இனி ஆறாதிருக்கட்டும்! அதை ஆறவிடாமல் அருகிருந்து பகிர்ந்துண்ணத் தங்கள் கணவர் தூங் அவர்களும் நோயின்றி நீடு வாழட்டும்!

இங்ஙனம்,
அன்றும் இன்றும் தங்களைத் தலைவர் என்றே அழைக்கும்
ஆய்வகத்தார்